எல்லை தாண்டிய ஏடு: மின்னூல் ரீடர் நாடு நாடாகப் போன வரலாறு

மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்குப் புத்தகம் என்பது பாதி ஆசை, பாதி பாரம். சாமான் கட்டும்போது முதலில் கை வைக்கப்படுவது புத்தக அலமாரியில்தான். மாட்டுங்கா, கரோல்பாக் போன்ற இடங்களில் தமிழ் வார இதழ்கள் எப்படியாவது கிடைத்துவிடும். ஒரு நாவல் வேண்டுமென்றால் ஊருக்குப் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்பி, அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். நம் சங்க நூலகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் இந்தத் தவிப்பை நான் நன்றாக அறிவேன்.

ஆயிரம் நூல்களை உள்ளங்கையில் அடக்கும் மின்னூல் ரீடர், நம்மைப் போன்ற வெளிமாநில வாசகர்களுக்கென்றே செய்தது போன்ற கருவி. ஆனால் அது உலகச் சந்தைக்கு வந்த பிறகும், நம் கைக்கு நம் மொழியோடு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. வழியில் மூன்று கதவுகள் இருந்தன: கருவியை விற்கும் வணிகம், நூலின் உரிமை, எழுத்தின் வடிவம். மூன்றும் ஒரே நாளில் திறக்கவில்லை. திறந்தவர்களும் ஒருவரல்லர். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதும், அதிலிருந்து நமக்கு என்ன பாடம் என்று பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி பிறந்த கதை

இந்தக் கனவு வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கும் முந்தியது என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஸ்பெயின் நாட்டின் ஃபெரோல் நகரில் ஆங்கெலா ரூயிஸ் ரோபிளெஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். பிள்ளைகள் சுமக்கும் பை கனத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து, 1949இல் ஓர் 'இயந்திர நூலுக்கு' காப்புரிமை கேட்டார். பாடங்கள் சுருள்களாக இருக்கும், வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். மாதிரி ஒன்று உருவானதே தவிர, அது கடைக்கு வரவில்லை. அந்த மாதிரியை இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பெரிய கணினி ஒன்றில் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 'குட்டன்பெர்க் திட்டம்' அங்கே தொடங்கியது. ஆக, மின்னூல் முதலில் பிறந்தது; அதைப் படிக்க ஏற்ற கருவி பிறகுதான் வந்தது.

1998இல் அமெரிக்காவில் ராக்கெட் ஈபுக், சாஃப்ட்புக் என்று இரண்டு கருவிகள் விற்பனைக்கு வந்தன. கனமும் அதிகம், விலையும் அதிகம். திரையோ கண்ணை உறுத்தும். இரண்டையும் 2000இல் ஒரே நிறுவனம் வாங்கியது, 2003க்குள் கடையைக் கட்டிவிட்டது. நிலைமையை மாற்றியது மின்மைத் திரை. எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து 1997இல் பிறந்த ஈ-இங்க் என்ற நிறுவனம், மிக நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்களை வைத்தது. மின்சாரம் கொடுத்தால் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகும். பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். வெயிலில் வைத்தாலும் காகிதம் போலத் தெரியும். இந்தத் திரையோடு 2004இல் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் லிப்ரியே வந்தது. நல்ல கருவிதான். ஆனால் அதற்காக விற்ற நூல்கள் 60 நாளில் தாமாகவே மறைந்துவிடும்! காசு கொடுத்த புத்தகம் இரண்டு மாதத்தில் காணாமல் போனால் யார் வாங்குவார்கள்? இந்த 60 நாள் விவகாரத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிண்டில் கடல் தாண்டியது

2007 நவம்பர் 19 அன்று அமேசான் நிறுவனம் கிண்டிலை வெளியிட்டது. விலை 399 டாலர். கையிருப்பு ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்து போயிற்று. அதன் பெரிய கவர்ச்சி, கம்ப்யூட்டரே இல்லாமல் செல்பேசி அலைவரிசை வழியே புத்தகம் நேராகக் கைக்கு வந்துவிடும் என்பது. அதுவே அதன் கால்விலங்கும் ஆயிற்று. முதல் கிண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவன அலைவரிசையை நம்பி இருந்தது. உலகின் பெரும்பாலான நாடுகளில் நடந்ததோ ஜி.எஸ்.எம். முறை. அந்த முதல் கிண்டில் கடைசிவரை அமெரிக்காவுக்கு வெளியே விற்கப்படவே இல்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வந்தாலும், புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கம்பி வழியாக ஏற்ற வேண்டியதுதான்.

2009 அக்டோபரில் ஜி.எஸ்.எம். வசதியோடு ஒரு கிண்டில் 279 டாலருக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புவோம் என்றார்கள். இந்தியாவும் அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீடான கனடா அந்த முதல் பட்டியலில் இல்லை! செல்பேசி நிறுவனத்தோடு பேசி முடிக்கத் தாமதம். அடுத்த மாதம்தான் அங்கே போனது. அமெரிக்காவில் 9.99 டாலர் விலையுள்ள புத்தகம் வெளிநாட்டு வாசகருக்குப் பல வேளைகளில் 11.99 ஆயிற்று. அதுபோக நம் ஊர் சுங்கவரி தனி.

பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கடை திறந்தது. பிரிட்டனில் 2010, ஜெர்மனியிலும் பிரான்சிலும் 2011. இந்தியாவுக்கு 2012 ஆகஸ்டில் ரூபாய் விலையோடு கடை வந்தது. குரோமா கடைகளில் 6,999 ரூபாய்க்குக் கருவியும் கிடைத்தது. ஜப்பான், பிரேசில், கனடா ஆகியவற்றுக்கு அதற்குப் பின்னர்தான் தனிக் கடை. நாம் கடைசி வரிசையில் நின்றோம் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் படிக்கும் இந்தியருக்கு ஐந்தே ஆண்டில் கதவு திறந்தது. தமிழ் படிக்கும் இந்தியருக்கு இன்னும் நாலு வருஷம் ஆச்சு. அதற்கு முன் நூலின் உரிமையைப் பார்த்துவிடுவோம்.

பழைய வரைபடம்

வீட்டில் என்ஜினீயரிங் படித்த பிள்ளை இருந்தால் அதன் பாடப்புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். இந்த வரிக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயது. 1886இல் லண்டன் மாக்மில்லன் நிறுவனம் 'காலனி நூல் வரிசை' என்று ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவிலும் மற்றக் காலனிகளிலும் மட்டும் விற்க வேண்டிய மலிவுப் பதிப்பு அது. பிரிட்டனுக்குள் விற்கக் கூடாது. 1947இல், நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். காமன்வெல்த் நாடுகளின் சந்தை முழுவதும் தங்களுக்கு வேண்டும். அதற்குச் சம்மதிக்காத அமெரிக்கப் பதிப்பாளரிடம் உரிமை வாங்குவதில்லை என்பது சாரம். அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்து, 1976இல்தான் அது கைவிடப்பட்டது. ஒப்பந்தம் போயிற்றே தவிர, நூலுரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கும் பழக்கம் போகவில்லை.

மின்னூல் அந்தப் பழைய வரைபடத்தின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. காகிதமும் கப்பலும் தேவையில்லாத ஒரு பொருள், 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று சொல்லும் விசித்திரம் இதனால் நேர்ந்தது. இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் 2009 ஜூலையில் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் இறந்தது 1950இல். ஆஸ்திரேலியாவில் அவர் நூல்கள் பொதுச்சொத்தாகிவிட்டன, அமெரிக்காவில் ஆகவில்லை. உரிமை இல்லாத ஒருவர் அவருடைய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை அமெரிக்கக் கிண்டில் கடையில் விற்றார். விஷயம் தெரிந்ததும் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிக்குள் புகுந்து அந்தப் பிரதிகளை அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனாலும், நாம் வாங்கியது புத்தகமா, படித்துக்கொள்ளும் அனுமதியா என்ற கேள்வி அன்று உலகுக்கே உறைத்தது.

நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டை உறுதி செய்தன. தாய்லாந்திலிருந்து போய் அமெரிக்காவில் படித்த மாணவர் ஒருவர், தம் ஊரிலிருந்து மலிவுப் பாடநூல்களை வரவழைத்து அங்கே விற்றார். பதிப்பாளர் வழக்குப் போட்டார். 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது: முறையாக ஒரு முறை விற்ற பிரதியை மறுபடி விற்க, அது எந்த நாட்டில் அச்சானது என்பது தடையில்லை. அதே ஐரோப்பாவில் 2019 டிசம்பரில் ஒரு வழக்கு. படித்து முடித்த மின்னூலை மறுவிற்பனை செய்யலாமா என்பது கேள்வி. உரிமையாளர் அனுமதியின்றி முடியாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். பழைய புத்தகக் கடையில் ஏறி இறங்கி வளர்ந்த தலைமுறைக்கு இது புரிய வேண்டும். அச்சு நூல் கைமாறும். மின்னூல் வாங்கியவரோடு நின்றுவிடும். என் தாத்தா பென்சிலால் கோடு போட்டுப் படித்த புத்தகம் என்னிடம் இருக்கிறது. நான் ரீடரில் போட்ட கோடு என் பேரனுக்குப் போகுமா என்றால், அது கணக்கின் கடவுச்சொல்லைப் பொறுத்தது.

மனம் இருந்தால் சட்டம் எல்லையைத் திறக்கவும் செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவிலான நூல்களை நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ள 2013இல் மராகேஷ் உடன்படிக்கை உருவானது. அதை உலகிலேயே முதலில், 2014 ஜூனில், ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. நம்மில் பலருக்குத் தெரியாது.

தமிழ் எழுத்து நுழைந்த வழி

இனி மூன்றாவது கதவு. 'கொ' என்று எழுத நமக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு வேண்டும். யூனிகோடு முறையில் ககரம் முதலிலும், உயிர்மெய்க் குறி அடுத்தும் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் இழுத்துப் போடுவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த அறிவு இல்லாத கருவி கொம்பை வலப்பக்கத்தில் அநாதையாக நிறுத்திவிடும். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து முதலில் வந்த ரீடரில் தமிழ்க் கோப்பைத் திறந்தபோது என் மனைவி, "என்னங்க இது, எழுத்தெல்லாம் தலைகீழா நடக்குது?" என்று கேட்டாள். ஆரம்ப கால ரீடர்கள் ஐரோப்பிய எழுத்தை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை.

கருவிதான் தயாராக இல்லை; நூல்கள் எப்போதோ தயார். 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் வாங்காமல், அலுவலகம் முடிந்து வந்து, சங்க இலக்கியம் முதல் கல்கி வரை தட்டச்சு செய்து ஏற்றினார்கள். கிண்டில் பிறக்கவே இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்த காலம் அது. இலங்கை நூல்களுக்காக நூலகம் திட்டம் 2005இல் வந்தது. தமிழ்நாட்டு அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியதும் இந்தப் பணிக்குப் பெரிய துணை. அந்த நூல்களுக்கு எந்த நாட்டிலும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லாமல் போயிற்று.

எழுத்து உடையும் சிக்கலுக்கும் தன்னார்வலர்களே ஒரு வழி கண்டார்கள். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு, ஒவ்வொரு நூலையும் பல வடிவங்களில் கொடுத்தது. அதில் ஒன்று 6 அங்குலப் பி.டி.எஃப். ரீடரின் திரை அளவுக்கே பக்கம் வெட்டி, எழுத்துருவையும் உள்ளேயே பதித்துவிடுவார்கள். கருவிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பக்கம் படம் போல ஒழுங்காகத் தெரியும். எழுத்தின் அளவை மாற்ற முடியாது என்பது மட்டும் குறை. நம் ஊர் ஆட்கள் கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதில் கெட்டிக்காரர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

வணிகர்களும் முயன்றார்கள். 2010இல் இன்ஃபிபீம் என்ற இந்திய நிறுவனம் 'பை' என்ற ரீடரை 9,999 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. இந்திய மொழிகளும் உண்டு என்று விளம்பரம் செய்தது. சந்தையில் அது நிலைக்கவில்லை. கடைசியில் 2016 டிசம்பரில் கிண்டில் கடை தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களை விற்கத் தொடங்கியது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி உடையாத தமிழ் அப்போது வந்தது. கண்புரை அறுவை முடிந்த என் அம்மா, ஒரு பக்கத்துக்கு நாற்பது சொல் தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிசு பண்ணிக்கொண்டு மறுபடி நாவல் படிக்க ஆரம்பித்தார். அச்சுப் புத்தகத்தை அவர் தொட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கடை மூடினால்?

இப்போது அந்த 60 நாள் விவகாரத்துக்கு வருவோம். லிப்ரியே செய்ததை மற்றவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கடை மூடும்போது ஏறக்குறைய அதுவே நடந்தது. 2014இல் சோனி ரீடர் தொழிலிலிருந்தே விலகியது; வட அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கோபோ நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நம் நாட்டில் ஃப்ளிப்கார்ட் 2012இல் மின்னூல் விற்கத் தொடங்கி, 2015இல் நிறுத்திக்கொண்டு, அதுவும் கோபோவிடம் கைகாட்டிவிட்டது. பிரிட்டனில் நூக் ரீடரின் கடை 2016இல் மூடியது. அதன் வாசகர்கள் இன்னொரு கடைக்கு மாற்றப்பட்டார்கள். அதுவும் அதே ஆண்டில் மூட, மூன்றாவதாகக் கோபோவுக்குப் போனார்கள். குடக்கூலி வீட்டுக்காரர் கதை மாதிரி இருக்கிறதல்லவா? 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நூல்கள் மட்டும் மறைந்தன.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி சீனாவிலிருந்து வந்தது. 2013இல் அங்கே நுழைந்த கிண்டில், 2023 ஜூன் 30 அன்று கடையை மூடியது. வாங்கிய நூல்களை இறக்கிக்கொள்ள இன்னும் ஓராண்டு அவகாசம் தந்தார்கள். பிறகு அதுவும் முடிந்தது. அவ்வளவு பெரிய நாட்டுக்கே இந்த நிலை. 2025 பிப்ரவரியில், கிண்டில் நூல்களைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வசதியையும் உலக அளவில் நிறுத்திவிட்டார்கள். முன்பு கம்பிதான் ஏழை வாசகரின் பெட்டகச் சாவியாக இருந்தது.

இதற்கு எதிர்மாறான அனுபவமும் உண்டு. ஜெர்மனியில் 2013இல் போட்டிக் கடைக்காரர்களான பெரிய புத்தகக் கடைகள் சில ஒன்று சேர்ந்து டோலினோ என்ற பொது ரீடரை வெளியிட்டன. எவரும் பயன்படுத்தத்தக்க ஈபப் வடிவ நூல்கள் அதில் ஓடும். தொழில்நுட்பப் பொறுப்பு 2017இல் கைமாறியபோதும் கருவி நின்றுவிடவில்லை. உள்ளூர்க் கடைகள் கூடினால் உலக நிறுவனத்துக்கும் ஈடு கொடுக்கலாம் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

வரி விஷயத்தில் நம் நாடும் கொஞ்சம் இறங்கி வந்தது. அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மின்னூலுக்கு முதலில் 18 சதவீதம் போட்டார்கள். 2018 ஜூலையில், அச்சிலும் வெளியான நூலின் மின்பதிப்புக்கு மட்டும் அதை 5 சதவீதமாக்கினார்கள். பிரிட்டனோ 2020 மே முதல் மின்னூலுக்கும் வரியே இல்லை என்று செய்துவிட்டது. படிப்பது ஒன்றுதானே, காகிதத்துக்கு ஒரு நீதி, திரைக்கு ஒரு நீதி எதற்கு?

நமக்கு என்ன பாடம்?

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கருவியை விற்பவர்கள் லாபம் உள்ளவரை இருப்பார்கள். அது அவர்கள் தொழில், குறை சொல்லிப் பயனில்லை. தமிழைப் பொறுத்தவரை கடை மூடினாலும் மிஞ்சுவது, பூட்டு இல்லாத வடிவில் தன்னார்வலர்கள் செய்து வைத்த நூல்கள்தான். ஆகவே விருப்பமான நூலை ரீடரில் வாங்கிப் படிப்போம். பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நினைக்கும் நூலைக் காகிதத்திலோ, பூட்டில்லா ஈபப் வடிவிலோ வைத்திருப்போம். சங்க நூலகத்தின் அச்சு நூல்களை 'இனிமேல் யார் படிக்கப் போறாங்க' என்று எடைக்குப் போட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரதியும் கல்கியும் எந்தக் கருவியிலும் கிடைப்பார்கள்; அவர்களுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட இதுபோன்ற மலர்கள் எங்கே கிடைக்கும்? இந்த ஊருக்குத் தமிழர்கள் எப்போது வந்தார்கள், எந்த மில்லிலும் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் மட்டுமே இருக்கிறது. சில ஆண்டு மலர்களுக்கு நம் நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான்; ஓரத்தில் கரையான் தொட்டுவிட்டது. இவற்றை எந்தக் கம்பெனியும் மின்னூலாக்கி விற்கப் போவதில்லை. விற்பனையாகாது, நமக்குத்தான் வேண்டும்.

செய்யக் கடினமான வேலையும் இல்லை. பழைய மலர்களை ஸ்கேன் செய்ய நம் இளைஞர்கள் நாலு பேர், பிழை திருத்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் நாலு பேர், கட்டுரையாளர்களிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ எழுத்து மூலம் அனுமதி வாங்க ஒருவர் போதும். ஆண்டுக்கு மூன்று மலர் முடிந்தாலும் சில ஆண்டுகளில் முழு வரிசையும் ஈபப் வடிவில் எல்லார் கைக்கும் போய்விடும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் பழைய மலர் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்துவிட வேண்டாம். ஒரு வாரம் இரவல் தந்தால் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.